சட்டம் படித்தால் சோறு போடுமா?

சில ஆண்டுகளுக்கு முன், மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், கீழத்தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நண்பரின் மகள் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தாள். வீடு நிறைய உறவினர்கள். தட்டு நிறைய இனிப்பு. அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பெண் சற்றும் தயங்காமல், “அரசியல் அறிவியலும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. அதில் சேரலாமென்று நினைக்கிறேன்” என்றாள்.

கூடத்தில் ஒரு நொடி அமைதி. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். “கோர்ட்டும் கச்சேரியும் நம் குடும்பத்துக்கு ஆகாதும்மா” என்றார் மாமா. “பொம்புளைப் பிள்ளை கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு அலையறதா?” என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. முடிவுரை வழங்கியவர் பெரிய வாப்பா. “அரசியல் படிச்சு என்ன, மேடையிலே பேசப் போறியா? சட்டம் படிச்சா சோறு போடுமா? அண்ணனைப் பார். பி.சி.எம். கோட்டாவிலே இடம் கிடைச்சு, எஞ்சினீயரிங் முடிச்சு, இன்னைக்கு துபாயிலே இருக்கான்” என்றார். அண்ணன் என்று அவர் சொன்னது தம் மகனைத்தான்.

நண்பர் என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். “பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் சட்டம் படிக்கவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன். காலங்கடந்த துணிவுதான். ஆயினும் இனிவரும் மே மாதங்களில் வேறு வீடுகளில் இதே கேள்வி எழுமல்லவா?

அந்த இடம் எங்கிருந்து வந்தது?

பெரிய வாப்பா அவர்களின் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். பி.சி.எம். என்னும் மூன்றெழுத்தை அவர் மழை வெயில் போல இயற்கையில் கிடைத்த ஒன்றாக எண்ணிப் பேசினார். அது வானத்திலிருந்து பொழிந்ததன்று. அதன் வரலாறு எவருடைய வரலாறு என்பதை அறிந்தால், சட்டமும் அரசியலும் சோறு போடுமா என்னும் கேள்வி கேட்டவரிடமே திரும்பிச் செல்லும்.

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியின் ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. பின்னர் கல்லூரிச் சேர்க்கைக்கும் அம்முறை வந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் இவ்வாறு பகிரப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. பதினான்கில் ஒன்று! அந்த ஒன்றும் ஒரு நாள் பறிபோயிற்று.

1950-ஆம் ஆண்டு சனவரி 26-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே இவ்வரசாணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருவர் வழக்குத் தொடுத்தனர். ஒருவர் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜன், மற்றவர் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்த சீனிவாசன். அரசாணை செல்லாது என்றது உயர் நீதிமன்றம். 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எதனால்? அரசுப் பணியில் பிற்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்ய இடமளிக்கும் 16(4) என்னும் உட்பிரிவு அரசியலமைப்பில் இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு அத்தகைய உட்பிரிவு இல்லை. ஒரே ஓர் உட்பிரிவு இல்லாமையால் ஒரு தலைமுறையின் கல்வி வாயில் அடைபட்டது.

தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் வீதியில் இறங்கினர். கிளர்ச்சியின் குரல் தில்லிக்கு எட்டியது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல்கூட நடவாத காலம் அது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தார். 1951 சூன் 18-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் புதிய உட்பிரிவு சேர்ந்தது. நீதிமன்றத்தில் இழந்தது பத்து வாரங்களில் நாடாளுமன்றத்தில் மீண்டது.

இதில் எது சட்டம், எது அரசியல்? எந்த உட்பிரிவு இல்லை என்று கண்டறிந்தது சட்ட அறிவு. அதைச் சேர்க்க வைக்க எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று அறிந்தது அரசியல் அறிவு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாதிருந்தால் அந்தக் கதவு இன்றளவும் அடைபட்டே கிடந்திருக்கும்.

கதை அங்கு முடியவில்லை. 1992-இல் இந்திரா சாகனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. தமிழ்நாட்டிலோ 69 விழுக்காடு. அதைக் காக்க 1993-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் வழியே அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. 2007-இல், பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டினுள்ளேயே முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பெரிய வாப்பா பெருமையோடு சொன்ன பி.சி.எம். இதுதான்.

அண்டை மாநிலத்தையும் சற்றே பாருங்கள். ஆந்திரத்தில் 2004-இலும் 2005-இலும் முஸ்லிம்களுக்கு 5 விழுக்காடு வழங்க முயன்றார்கள். இருமுறையும் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சமூகத்தின் பின்தங்கிய நிலை முறையாக ஆராய்ந்து நிறுவப்படவில்லை என்பது அதற்கு ஒரு முதன்மைக் காரணம். 2007-இல் தனித்தனிப் பிரிவினரைப் பட்டியலிட்டு 4 விழுக்காடாகக் கொண்டுவந்த சட்டமும் 2010-இல் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உயிர்பெற்று நின்றது. தமிழ்நாட்டிலோ லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, மாப்பிள்ளா எனப் பிரிவினரின் பெயர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் முன்னரே இருந்தன. மொத்த அளவைக் கூட்டாமல் இருந்ததற்குள் பிரித்துக் கொடுத்தார்கள். நல்லெண்ணம் இரு மாநிலங்களிலும் இருந்தது. சட்டத்தை எப்படி வரைவது என்பதில்தான் வேறுபாடு.

இப்போது சொல்லுங்கள். துபாயில் பணியாற்றும் அந்த இளைஞருக்குச் சோறு போட்டது பொறியியல் மட்டுந்தானா? அவர் கல்லூரி வாயிலை மிதிக்கும் முன்பே, எண்பதாண்டுக்கும் மேலாக யார் யாரோ சட்டமும் அரசியலும் கற்று அவருக்காக வழக்காடியிருக்கிறார்கள், வரைவு எழுதியிருக்கிறார்கள். உண்பது ஒருவர், உழுதது வேறொருவர். உண்டவர் ஏரைப் பழிக்கலாமா?

ஒன்றை விட்டு ஒன்று

“சரி, சட்டம் படிக்கட்டும். அரசியல் அறிவியல் எதற்கு?” என்று கேட்போர் உளர். வழக்காட அறிந்தால் போதும், மற்றவை ஏட்டுச் சுரைக்காய் என்பது அவர்கள் எண்ணம். இவர்களுக்கு 1976-ஆம் ஆண்டைத்தான் விடையாகத் தரவேண்டும்.

நெருக்கடி நிலைக் காலம். காரணம் காட்டாமல் பலர் சிறைவைக்கப்பட்டனர். ஆட்கொணர்வு மனு ஏற்கத்தக்கதே என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து கூறின. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1976 ஏப்ரல் 28-இல் ஐந்து நீதிபதிகளுள் நால்வர், நெருக்கடி நிலையில் குடிமகன் தன் உயிருக்காகவும் உரிமைக்காகவும் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அதற்கு அவர் தந்த விலை, 1977-இல் தமக்கு வரவேண்டியிருந்த தலைமை நீதிபதிப் பதவி.

அந்த நால்வரும் சட்டம் அறியாதவர்களா? நாட்டின் தலைசிறந்த சட்ட மேதைகள்! பிரிவும் உட்பிரிவும் அவர்களின் விரல்நுனியில் இருந்தன. கட்டற்ற அதிகாரம் மனிதரை என்ன செய்யும், அரசு என்பது எதற்காக இருக்கிறது என்னும் கேள்விகள் அன்று அவர்களின் எழுத்தில் எடைபெறவில்லை. அரசியல் அறிவியல் முதலாண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முதற்கேள்விகள் அவை. 1978-இல் 44-ஆவது திருத்தம், உயிருக்கும் உரிமைக்கும் காப்பான 21-ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. அந்தத் தீர்ப்பைத் தவறென்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகக் கூறி நீக்கியது 2017 ஆகஸ்டு 24-இல். நாற்பத்தோராண்டு!

அதே நெருக்கடிக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டனர். அதனை விசாரிக்க 1977-இல் அமைந்த ஆணையத்தின் பொறுப்பை ஏற்றவர் நாகூரில் பிறந்த நீதிபதி எம்.எம். இஸ்மாயில். பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர். கம்பனில் தோய்ந்த தமிழறிஞர். சிறைச்சுவருக்குள் நடந்ததை ஆராய்ந்து ஏட்டில் பதிவுசெய்ய, சட்டநூல்களோடு அதிகாரத்தின் இயல்பையும் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தார். அந்த ஒருவர் நம் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தார் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவார்கள்?

மாணவர்களே, உங்களுக்கும்!

பெற்றோரை மட்டும் குறைசொல்லி நான் முடித்துக்கொள்ளப் போவதில்லை. ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்ட மாணவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு.

பி.ஏ., எல்.எல்.பி. என்னும் இணைப்புப் பட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் அரசியல் கோட்பாடு, இந்திய அரசாங்கம், ஒப்பியல் அரசியல், பன்னாட்டு உறவு முதலிய தாள்கள் வருகின்றன. பல மாணவர்கள் இவற்றை வழிச்சுங்கம் போல எண்ணுகிறார்கள். கட்டிவிட்டுக் கடந்து போனால் சரி! தேர்வுக்கு முதல்வாரம் கையேடு ஒன்றை வாங்கி, வினாவிடையை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுகிறார்கள். பிறகு சட்டத் தாள்களையும் அதே முறையில் படிக்கிறார்கள். பிரிவு எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். அப்பிரிவு ஏன் வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

இவர்களுக்கு 2024 சூலை 1 நல்ல பாடம் கற்பித்தது. 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம் அன்றோடு விடைபெற்றது. அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்ற விசாரணை முறைக்கும் சாட்சியத்துக்கும்கூடப் புதிய சட்டங்கள் வந்தன. கொலைக்குரிய 302 இப்போது 103. ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராகவே வழங்கிய 420 இப்போது 318. எண்ணை மட்டும் கற்றவனின் கல்வி ஓரிரவில் காலாவதியாயிற்று. குற்றம் என்றால் என்ன, எண்ணத்திற்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு என்ன, தண்டிக்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது, புதிய ஏட்டில் மாறியது எது, மாறாதது எது என்று ஆராயப் பழகியவனுக்கு எண் மாறியதால் இழப்பொன்றும் இல்லை.

ஆகவே மாணவர்களே, அந்த முதலிரண்டு ஆண்டுகளை அலட்சியம் செய்யாதீர்கள். அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் முழுமையாக அச்சாகிக் கிடைக்கின்றன. தீர்ப்புகளின் சுருக்கத்தை விட்டுவிட்டுத் தீர்ப்பையே படியுங்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை ஒருமுறை படித்தால், மாறுபட்ட தீர்ப்பை இருமுறை படியுங்கள். கன்னாவின் எழுத்து 1976-இல் சிறுபான்மைக் குரல். 2017-இல் அதுவே நாட்டின் சட்டம்.

சோற்றுக் கேள்வி

பெற்றோரின் அச்சத்தில் உண்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவன் வழக்குரைஞர்களின் வாழ்க்கையைப் பார்த்திராதவன். பட்டம் பெற்று, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்தியத் தேர்வையும் எழுதி, முதுநிலை வழக்குரைஞர் ஒருவரின் அலுவலகத்தில் சேரும் இளைஞனுக்கு முதற்சில ஆண்டுகள் வறண்டவை. காலையில் கட்டுகளைச் சுமப்பான். பகலில் வாய்தா வாங்குவான். மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புவான். இளநிலை வழக்குரைஞருக்கு நகரத்தில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறத்தில் 15,000 ரூபாயும் வழங்கவேண்டும் என இந்திய பார் கவுன்சில் 2024-இல் அறிவுறுத்தியது. அறிவுறுத்தல்தான், கட்டாயமன்று. நீதிபதிப் பணிக்குப் போகலாம் என்றாலோ, நேரடியாகத் தேர்வெழுதும் வாய்ப்பும் இப்போது இல்லை. உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தந்தை கைகொடுத்தால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை அந்த ஆண்டுகளைக் கடக்க முடியும்.

இத்தனையும் உண்மை. ஆனால் நாம் எந்தப் படிப்பில்தான் காத்திருக்கவில்லை? மருத்துவத்திற்கு ஓராண்டு, ஈராண்டு எனப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிக் காத்திருக்கிறோம். பொறியியல் முடித்த பிள்ளை வேலை தேடி அலையும்போது சலிக்காமல் செலவுக்குப் பணம் அனுப்புகிறோம். அயல்நாடு செல்ல நகையை அடகு வைக்கிறோம். சட்டம் படித்தவனிடம் மட்டும், பட்டம் வாங்கிய மறுநாளே “எவ்வளவு கொண்டுவந்தாய்?” என்று கேட்கிறோம். வறட்சி இருக்கிறது என்பதற்காக அந்த நிலத்தையே விற்றுவிடுவதா? மூன்றாண்டு தாங்க வேண்டும் என்று முன்னரே கணக்கிட்டு வைப்பதல்லவா குடும்பத்தலைவரின் அறிவு?

மேலும், வழக்குமன்றம் மட்டுமே இப்படிப்பின் முடிவன்று. குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியல் ஒரு விருப்பப் பாடம். அரசியலமைப்பும் ஆட்சிமுறையும் பொதுத்தாளிலேயே வருகின்றன. நிறுவனங்கள் தம் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கச் சட்டம் கற்றவரைத் தேடுகின்றன. அரசுத்துறைகளும் வங்கிகளும் இதழ்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. வழியும் முன்பு போல் அரிதன்று. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக்கல்லூரி நீண்ட காலம் பலருக்கு எட்டாத தொலைவில் இருந்தது. இன்று அரசு சட்டக்கல்லூரிகள் பல மாவட்டங்களில் உள்ளன. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் அவை இயங்குகின்றன. மேல்நிலை மதிப்பெண்ணைக் கொண்டு ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது. திருச்சிக்கு அருகில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் உண்டு. அதற்குக் கிளாட் என்னும் நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். மேல்நிலையில் எந்தப் பாடப்பிரிவில் பயின்றவரும் விண்ணப்பிக்கலாம். எத்தனை வீடுகளில் இந்தச் செய்தி தெரியும்?

கறுப்புக் கோட்டு

உள்ளிருந்து வந்த அந்தக் குரலுக்கும் விடை சொல்லவேண்டும். பெண்பிள்ளை கறுப்புக் கோட்டு அணிவதா?

பத்தனம்திட்டையில் மீரா சாகிப் என்றொரு தந்தை இருந்தார். அவருடைய மகள் அறிவியல் பட்டம் பெற்று, வேதியியலை மேலும் தொடர எண்ணியிருந்தாள். தந்தை அவளைச் சட்டக்கல்லூரிக்கு அனுப்பினார். 1950-இல் அவள் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டபோது, பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்ற முதற்பெண் என்னும் சிறப்பு அவளுக்கு இருந்தது. நீதிமன்றத்தில் முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தியைப் பார்த்துப் புருவம் உயர்த்தியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அந்தப் பெண்தான் 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற்பெண் நீதிபதியான எம். பாத்திமா பீவி. 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர். 2023-இல் மறைந்தார்.

உச்ச நீதிமன்றம் தோன்றி முப்பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பெண்கூட அந்த இருக்கையில் அமரவில்லை. முதலில் அமர்ந்தவர், மகளின் படிப்பைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று கேளாத ஒரு தந்தையின் பிள்ளை. கேரளத்துச் சிற்றூரில் 1940-களில் ஒரு தந்தைக்கு இருந்த துணிவு, இந்த நூற்றாண்டில் நம் கூடங்களில் ஏன் இல்லாமற் போயிற்று?

பெண் சட்டம் படித்தால் வழக்குக்கு அலைவாள் என்கிறார்கள். சட்டம் அறியாத பெண்கள் அலையவில்லையா? பாகப்பிரிவினைப் பத்திரத்தில் படிக்காமலே கையெழுத்திட்டவர்கள் யார்? தன் பெயரிலுள்ள வீட்டை அடகு வைத்தது தனக்கே தெரியாமல் வங்கி நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் யார்? கோர்ட்டுப் படி ஏறாமல் வாழ்வது நல்லதுதான். ஆனால் சட்டத்தை அறிந்தவர்தான் அந்தப் படியை ஏறாமல் தப்பிக்கிறார். அறியாதவரை அந்தப் படி தேடிக்கொண்டு வருகிறது.

முடிவாக

எல்லாப் பிள்ளைகளும் சட்டம் படிக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. மருத்துவரும் வேண்டும், பொறியாளரும் வேண்டும், வணிகரும் வேண்டும். விருப்பமில்லாத பிள்ளையைச் சட்டக்கல்லூரிக்குள் தள்ளுவதும் கொடுமையே. விருப்பத்தோடும் தகுதியோடும் ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, சோறு போடுமா என்று ஏளனம் செய்து அனுப்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வேறெங்கும் இடம் கிடைக்காதவனுக்குக் கடைசிப் புகலிடமாகச் சட்டத்தை ஒதுக்கிவைப்பதையும் விட்டுவிடுங்கள். மங்கிய பிள்ளையைச் சட்டத்துக்கும் சுடர்ப் பிள்ளையைப் பொறியியலுக்கும் அனுப்பிவிட்டு, நமக்காகப் பேச நல்ல வழக்குரைஞர் இல்லையே என்று பெருமூச்சு விடுவதில் என்ன நியாயம்?

பதினான்கில் ஒன்றாக இருந்த இடம் ஒரு தீர்ப்பால் போயிற்று, ஒரு திருத்தத்தால் வந்தது. நாளை மற்றொரு வழக்கு வரும். அன்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று, எந்த உட்பிரிவு இருக்கிறது, எது இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இப்போது மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அவர் உங்கள் முன் வந்து நின்று தம் விருப்பத்தைச் சொல்லும்போது, தயவுசெய்து என்னைப் போலத் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளாதீர்கள்.